புகைப்படம் கட்டாயம்

அந்தப் பட்டியலைத் தயாரித்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனி நான் இளக்காரமாகப் பேசப்போகும் எல்லாவற்றின் மூலப்பிரதியும் என் மடிக்கணினியில்தான் இருக்கிறது.

எடைமேடைகளையும் வெப்பமானிகளையும் சரிபார்ப்பது என் வேலை. நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலைகள், குஞ்சு பொரிப்பகங்கள், முட்டைக் கிடங்குகள் என்று வாரத்தில் ஐந்து நாள் சுற்றுவேன். நூறு கிலோ என்று காட்டும் மேடை உண்மையில் நூறு கிலோவைத்தான் காட்டுகிறதா என்று பார்த்து, சீட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவேன். பதிவு இல்லாத அளவு அளவே இல்லை என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அந்த விதியை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வீடு சேலத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு சந்தில். அக்கா, அக்கா மகள், நான் என மூன்று பேர். மச்சான் போர்வெல் ரிக் லாரியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார். பெருநாளுக்கு வருவார், பத்து நாள் தூங்குவார், போவார். அக்காவுக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை. திரும்பி வர ஆறு மணி. நானும் அதே ஆறு மணி. அக்கா மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி வேன் அவளை நாலேகாலுக்குச் சந்து முனையில் இறக்கிவிடும். நாலேகாலிலிருந்து ஆறு வரை அவள் இருக்கும் இடம் எதிர்வீடு.

எதிர்வீட்டில் இருப்பவருக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் லாரி ஓட்டுகிறார். இவர் வீட்டிலேயே உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்கு மணி கோர்த்து, சின்னச் சுத்தியலால் கொக்கி தட்டுகிறார். எங்களுக்கு அக்கா, எங்கள் பெண்ணுக்கு அத்தை. இந்த ஏற்பாட்டை யாரும் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. ஒரு மழை நாளில் குழந்தை பூட்டிய வீட்டின் முன்னால் நின்றாள். அவர் உள்ளே கூப்பிட்டார். மறுநாள் மழை இல்லாமலே போனாள். மூன்று வருடம் ஆகிவிட்டது. அங்கே வீட்டுப்பாடம் எழுதுவாள், சின்ன மணி பெரிய மணி பிரிப்பாள், வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று எங்களுக்குச் சொல்லாததையெல்லாம் அங்கே சொல்வாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தூக்குப்போசி ஓடிக்கொண்டிருந்தது. மூடியில் ஒரு நெளிசல், கைப்பிடியில் கம்பி சுற்றிய எவர்சில்வர் பாத்திரம். அது யாருடையது என்பதே மறந்துபோய்விட்டது. எங்களிடமிருந்து எதையாவது சுமந்துகொண்டு போகும். அங்கிருந்து எதையாவது சுமந்துகொண்டு வரும். முருங்கைக்கீரை, அவித்த தட்டப்பயறு, நாலு எலுமிச்சம்பழம். ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு கை சர்க்கரையாவது இருக்கும். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது சேலத்தில் யார் வீட்டிலும் வழக்கமில்லை. நோன்பு மாதத்தில் அந்தப் போசி தினமும் ஓடும். கைமாக் கறி சேர்ப்பதற்கு முன்பே அவருக்கென்று கஞ்சியைத் தனியாக எடுத்துவிடுவோம். செவ்வாய், வெள்ளியில் அவர் கவிச்சி தொடமாட்டார். மற்ற நாட்களில் சாப்பிடுவார் என்றாலும், எந்த நாள் எது என்று குழம்பாமல் இருக்க அக்கா முப்பது நாளும் அப்படித்தான் செய்வாள்.

இனி மாமி. அத்தாவின், அதாவது எங்கள் அப்பாவின், தங்கை. வீடு சேலத்துக்குள் ஃபேர்லேண்ட்ஸில், லிஃப்ட் வைத்த அடுக்ககத்தில். நான்கு பேரப்பிள்ளைகள். மாமி கெட்டவர் அல்ல என்று இந்த இடத்தில் எழுதுவதுதான் வழக்கம். எழுதலாம். ஆனால் கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு வேலை செய்திருக்க மாட்டார். நாங்களும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்போம்.

நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போன் செய்தார்.

“ஏ புள்ள, நீ இன்ஜினியர்தானே? ஒரு சார்ட் போட்டுக் குடு. பிள்ளைங்க எந்நேரமும் போனையே நோண்டிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. முப்பது நாளைக்கு முப்பது ஆக்டிவிட்டி. பாயிண்ட் எல்லாம் வெச்சு.”

“என்ன ஆக்டிவிட்டி மாமி?”

“அதெல்லாம் யூடியூபுல கொட்டிக் கெடக்குது. நான் அனுப்பறேன். நீ அதைக் கட்டம் கட்டமா அழகா போடு.”

போட்டேன். முப்பது வரி, மாமியின் நான்கும் எங்கள் ஒன்றுமாக ஐந்து பிள்ளைகளுக்கு ஐந்து பத்தி, தானே கூட்டிக்கொள்ளும் மொத்தம், முதலிடத்துக்குப் பச்சை நிறம். அதற்கு மேலே என் கைங்கரியமாக ஒன்று சேர்த்தேன். ஒவ்வொரு செயலுக்கும் சான்று வேண்டாமா? எனவே ‘புகைப்படம் கட்டாயம்’ என்று தடித்த எழுத்தில் ஒரு விதி. போனிலிருந்து பிள்ளைகளை மீட்க வந்த திட்டம், தினமும் போனைக் கையில் எடுக்காமல் நடக்க முடியாத திட்டமாக மாறியது. இதை நானும் கவனிக்கவில்லை, மாமியும் கவனிக்கவில்லை. மாமி கவனிக்காததில் வியப்பில்லை. நான் கவனிக்காததற்குச் சம்பளம் வாங்குபவள் இல்லை, கவனிப்பதற்குத்தான் வாங்குகிறேன்.

மாமி பட்டியலை அச்செடுத்து, லேமினேட் செய்து, ஐந்து பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். பரிசு: ஜெயிக்கும் பிள்ளைக்குப் பெருநாளுக்கு மறுநாள் மாமியின் காரில் ஏற்காடு. ஜன்னலைத் திறந்தால் ஏற்காட்டு மலை தெரியும் வீட்டில் இருப்பவளுக்கு ஏற்காடு பரிசு.

அந்த முப்பதையும் இங்கே எழுதமாட்டேன். மாதிரிக்குச் சில. முதல் நாள், அட்டைப்பெட்டியில் பிறை வெட்டி ஜிகினா ஒட்டுதல். நான்காம் நாள், பேரீச்சம்பழத்தில் பல்குச்சிகளைக் குத்தி ஒட்டகம் செய்தல். ஒன்பதாம் நாள், தாயின் காலைப் பிடித்துவிடுதல். பதினொன்றாம் நாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல். பன்னிரண்டாம் நாள், கோபத்தை அடக்குதல்.

ஒட்டகங்களை யாரும் சாப்பிடவில்லை. ஜிகினா ஒட்டிய பழத்தை யார் தின்பார்கள்? அன்று நோன்பு திறக்க வேண்டிய பழம் குப்பைக்குப் போனது. ஒட்டகத்துக்குப் பத்துப் புள்ளி வந்தது. காலைப் பிடித்துவிடும் படங்களில் எல்லாத் தாய்மார்களும் வேறொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபேர்லேண்ட்ஸ் பால்கனியில் ஒரே ஒரு தொட்டிதான் என்பதால் அந்த ஒற்றைச் செடி நான்கு பிள்ளைகளின் கையாலும் நான்கு குடம் தண்ணீர் வாங்கி, மூன்றே நாளில் அழுகிச் செத்தது. கோபத்தை அடக்குவதை எப்படிப் படம் எடுப்பது என்று எனக்கே தெரியவில்லை. மாமியின் மூத்த பேரன் கண்ணை இறுக மூடி, முஷ்டி பிடித்து நிற்கும் படம் வந்தது. முழுப் புள்ளி. அந்தப் படத்துக்காக அவன் நாலு தரம் நிற்கவைக்கப்பட்டு, ஐந்தாம் தரம் தம்பியை அடித்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. அதற்குக் கட்டம் இல்லை.

எங்கள் சின்ன வயதில் எல்லாம் சுத்தமாக இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. தொழுகைக்கு முன் வாய் கொப்பளிக்கும்போது பாதித் தண்ணீரை விழுங்கியிருக்கிறேன். காலையில் ஒரு நாள் பாதி, மாலையில் ஒரு நாள் பாதி என்று இரண்டு அரை நோன்பு பிடித்து, அதைத் தைத்து ஒரு முழு நோன்பு என்று பெருமை பேசியிருக்கிறேன். ஆனால் அந்தத் திருட்டு எனக்குள்ளேயே கிடந்து உறுத்தியது. யாரும் அதைப் படம் பிடித்து நட்சத்திரம் கொடுக்கவில்லை.

அக்கா மகள் ஆரம்பம் முதலே கடைசி இடத்தில் இருந்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து, “ஐயோ, போட்டோ எடுக்கலயே சின்னம்மா” என்பாள். நான் மறுபடியும் ஊற்றச் சொல்வேன். “செடிக்குத்தான் தாகம் போயிருச்சே” என்பாள். அந்தப் பதிலுக்கு நான் அவளுக்குச் சுழியம் போட்டேன். விதி விதிதான்.

பதினேழாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பட்டியலில் பதினேழாம் வரி இது: ‘மாற்று மத அண்டைவீட்டாருக்குக் கஞ்சி கொடுத்தல். இருபது புள்ளி. கொடுப்பவர், வாங்குபவர், பாத்திரம் மூன்றும் படத்தில் தெரிய வேண்டும்.’ கடைசி வாக்கியம் நான் எழுதியது. எனக்கு அன்று அது துல்லியமாகப் பட்டது.

மதியம் மாமி கூப்பிட்டார். “இங்க பக்கத்து ஃப்ளாட்டு டாக்டரு ஊர்ல இல்லம்மா. மேல் வீட்ல நாய் வெச்சிருக்காங்க. உங்க எதுத்த வீட்ல அந்த அம்மா இருக்குதுல்ல? பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அங்க வந்துடறேன். கஞ்சி நானே கொண்டாரேன், அக்காவ ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொல்லு.”

நானும் சீக்கிரம் வந்தேன். அக்கா கஞ்சி வைக்கவில்லை. ஐந்தரைக்கு மாமியின் கார் சந்துக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்றது. நான்கு பிள்ளைகள் பெருநாள் உடுப்பில் இறங்கினார்கள். பெரிய ஹாட்பாக்ஸ் ஒன்று. அதோடு, தங்க விளிம்பு போட்ட கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. ஒன்றே ஒன்று.

எதிர்வீட்டு அக்கா கொலுசு வேலையில் இருந்தார். அக்கா மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மணி பிரித்துக்கொண்டிருந்தாள். மாமியைப் பார்த்ததும் அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வாங்க வாங்க. உள்ற வாங்க. உக்காருங்க.”

“உக்கார நேரமில்லம்மா. பிள்ளைங்க உங்களுக்குக் கஞ்சி குடுக்கணும்னு ஆசையா வந்திருக்குதுங்க” என்றார் மாமி.

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கப் போனவர் ஒரு முறை மோந்து பார்த்தார்.

“கறி போட்டிருக்குதுங்களா? இன்னிக்கி வெள்ளிக்கெழமைங்களே. நான் தொடமாட்டனே.”

“அட, நீங்க சாப்பிடவா போறீங்க? போட்டோவுக்குத்தானே! சும்மா வாங்கிக்கிற மாதிரி நில்லுங்க. கிண்ணத்த நாங்களே எடுத்துக்கறோம்.”

மாமி இதை நல்ல மனதோடு, ஒரு சங்கடத்தைத் தீர்த்துவைக்கும் குரலில் சொன்னார். நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னது இது: “அக்கா, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க.”

அவர் வெளிச்சத்துக்கு வந்தார். முதல் பேரன் கிண்ணத்தை நீட்டினான், அவர் வாங்கினார், படம் எடுத்தேன், மாமி கிண்ணத்தை அவர் கையிலிருந்து எடுத்து அடுத்தவளிடம் கொடுத்தார். அவள் நீட்டினாள், அவர் வாங்கினார், எடுத்தேன். மூன்றாவது பிள்ளை வரும்போது அவர் முகத்தில் சிரிப்பு குறைந்துவிட்டது. “கொஞ்சம் சிரிங்கக்கா” என்றேன். சிரித்தார். நான்காவது படம் ஆடிவிட்டது. இன்னொரு முறை எடுத்தேன். ஐந்து தடவை அவர் கைக்குக் கஞ்சி வந்தது. ஐந்து தடவையும் அவர் கையிலிருந்து போனது.

“நீயும் வா, ஒண்ணு எடுத்துக்கலாம்” என்று மாமி அக்கா மகளைக் கூப்பிட்டார்.

அவள் எழுந்திருக்கவில்லை. “அத்தைக்குக் கஞ்சி எங்க?” என்றாள்.

“இதுதாம்மா கஞ்சி.”

“இது நீங்க எடுத்துக்கிட்டுப் போறது. அத்தைக்கு எங்க?”

மாமி சிரித்தார். பிள்ளைகள் எப்படியெல்லாம் பேசுகிறார்கள் என்று என்னைப் பார்த்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஹாட்பாக்ஸை மூடி, கிண்ணத்தைத் துணியில் சுற்றி, ஆறு மணிக்குள் கிளம்பிவிட்டார்கள். நோன்பு திறக்க வீட்டுக்குப் போக வேண்டும்; பாலத்துப் பக்கம் டிராஃபிக். அன்று எதிர்வீட்டுக்குக் கஞ்சி போகவில்லை. மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. எண்பது புள்ளிகளைப் பதிவேற்றிவிட்டுத்தான் நான் வாயில் பேரீச்சம்பழம் வைத்தேன்.

சனிக்கிழமை அக்கா வழக்கம்போல் கைமா போடாத கஞ்சியை முதலில் எடுத்தாள். போசி எதிர்வீட்டில் இருந்தது. அதை வாங்கிவர அக்கா மகள் போனாள். வெறுங்கையோடு வந்தாள்.

“அத்தைக்கு வயிறு சரியில்லையாம். இன்னிக்கி வேண்டாமாம்.”

ஞாயிறும் வயிறு சரியில்லை. திங்கட்கிழமை மாலை நான் வந்தபோது அக்கா மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது.

“அத்தைக்கு அவசர வேலையாம். ‘உங்கூட்லயே இரு சாமி’ன்னாங்க” என்றாள். பிறகு, எதையோ கணக்குப் பார்ப்பவள் போல, “மணி பிரிக்கறதுக்குக்கூட என்னக் கூப்பிடல” என்றாள்.

அக்கா பயந்துவிட்டாள். ஒன்றேமுக்கால் மணி நேரம் பெண்பிள்ளை சந்தில் உட்கார முடியாது. அன்றே மாமிக்குப் போன் செய்தாள். மாமிக்கு மகிழ்ச்சி. வேன்காரரிடம் பேசி ஃபேர்லேண்ட்ஸிலேயே இறக்கிவிடச் சொல்லலாம். நான்கு பிள்ளைகளோடு ஐந்தாவதாக இருக்கட்டும். சாயங்காலம் ஆக்டிவிட்டி டீச்சர் வேறு வருகிறார். வியாழனிலிருந்து அனுப்புவதாக அக்கா ஒப்புக்கொண்டாள்.

அக்கா மகள் அழவில்லை. “அங்க போனா பெருநாளுக்கு அப்புறமும் அங்கதான் போகணுமா?” என்று கேட்டாள்.

“பாக்கலாம்” என்றாள் அக்கா. அந்த வார்த்தைக்கு ஆமாம் என்று பொருள் என்பது ஒன்பது வயதில் தெரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கேட்டில் போசி தொங்கியது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. அக்கா மகள்தான் எடுத்தாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு முருங்கை இலைகூட இல்லை. எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவளுக்கு ஆகவில்லை. அதைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு ஷூ போடப் போனாள்.

அன்று மாலை நான் போனேன். எப்படிப் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். மாமியைப் பேசியவள் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பஸ்ஸில் வரும்போதே போனில் குறிப்பு எழுதிக்கொண்டேன். ஒன்று, மன்னிப்பு. இரண்டு, மாமிக்கு வழக்கம் தெரியாது என்ற விளக்கம். மூன்று, இனி நடக்காது என்ற உறுதி. நான்கு, குழந்தை விஷயம். கையில் ஒரு பெட்டி உயர்ந்த ரகப் பேரீச்சம்பழம். ஆலை மேலாளரிடம் பழுதான எடைமேடையைப் பற்றி விளக்கும் அதே வரிசை.

கதவைப் பாதி திறந்தார்.

“சொல்லுங்க அம்மிணி.”

இதுவரை என்னை ‘வா புள்ள, போ புள்ள’ என்றுதான் பேசுவார். முதல் இரண்டு குறிப்புகளைச் சொன்னேன்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. பெரியவங்க வந்தாங்க, போனாங்க. நமக்கென்னங்க.”

“குழந்தைதான் பாவம், உங்களைத் தேடறா…”

“வேலை சாஸ்திங்க. பண்டிகை வருதில்ல, கொலுசு நெறைய கேக்கறாங்க.”

பேரீச்சம்பழப் பெட்டியை நீட்டினேன். அதைப் பார்த்தார். என் இன்னொரு கையிலிருந்த போனைப் பார்த்தார். குறிப்பு திறந்தே இருந்தது, வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது.

“வெச்சுக்கங்க. எனக்கு இனிப்பு ஒத்துக்காது” என்று கதவைச் சாத்தினார்.

மூன்றும் நான்கும் சொல்லப்படாமலே போயின.

புதன்கிழமை விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு அக்கா மகள் தானே எழுந்து வந்து உட்கார்ந்தாள். பள்ளி நாட்களில் முழு நோன்பு வேண்டாம் என்பது வீட்டு ஏற்பாடு. அக்கா சொல்லிப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. “இன்னிக்கி மட்டும்” என்றாள். போகும்போது பள்ளிப் பையில் போசியைப் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். எதற்கு என்று கேட்டேன். “வேணும்” என்றாள்.

அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு தீவன ஆலையில் ஒரே மேடையை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, அரை நாள் விடுப்புச் சொல்லிக் கிளம்பினேன். ராசிபுரத்தில் பஸ் மாறி வர ஐந்தாகிவிட்டது. எங்கள் கதவின் முன்னால் அவள் இல்லை. எதிர்வீட்டு வாசலில், துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் போசி. கதவு சாத்தியிருந்தது. நான் பக்கத்தில் போனதும், “சின்னம்மா, போன உள்ள வெச்சுட்டு வா” என்றாள். மிரட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை. தண்ணீர்க் குழாயை மூடு என்பது போல. நான் வீட்டைத் திறந்து போனை வைத்துவிட்டு வந்தேன்.

அவள் எழுந்து கதவைத் தட்டினாள்.

“அத்தெ.”

உள்ளே சுத்தியல் நின்றது. கதவு திறந்தது.

“என்ன சாமி, உங்கூட்ல இருன்னு சொன்னனில்ல?”

போசியின் மூடியைத் திறந்து அவருக்குக் காட்டினாள்.

“இதுல ஒண்ணுமே இல்லத்தெ. நீங்க மறந்துட்டீங்க.”

“மறக்கல.”

“நான் இன்னிக்கி நோன்பு. முழு நோன்பு. தொறக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. எதாச்சும் போட்டுக் குடுங்க.”

நோன்பு திறக்கிற நேரத்துக்கு எங்கள் வீட்டில் எல்லாம் இருக்கும். கஞ்சி, வடை, பழம், எலுமிச்சைச் சாறு. அது எதிர்வீட்டு அக்காவுக்கும் தெரியும். அவர் குழந்தையின் உதட்டைப் பார்த்தார். காய்ந்து வெடித்திருந்தது.

“இஸ்கோலுக்குப் போயிட்டா நோம்பிருந்த? தண்ணி?”

“குடிக்கல.”

“எப்பலேர்ந்து இங்க உக்காந்திருக்க?”

“வேன் வந்ததுலேர்ந்து.”

“அடிப்பாவி! இந்த வெய்யல்லயா?” என்று என் பக்கம் திரும்பினார். மரியாதை போன இடம் தெரியவில்லை. “ஏ புள்ள, நீயெல்லாம் என்ன படிச்ச? பச்சப்புள்ள நோம்போட என் வாசல்ல காயுது, நீ கம்பமாட்டம் நிக்கற? நாளைக்கி இந்தச் சந்துல என்னையப் பத்தி என்ன பேசுவாங்க? நோம்புக்காரப் புள்ளைய வெளிய வெச்சுக் கதவச் சாத்துனவங்கற பேரெடுக்கவா நான் இங்க குடியிருக்கறேன்?”

“இல்லக்கா…”

“என்ன நொல்லக்கா. அன்னிக்கி என்னயக் கல்லாட்டம் நிக்க வெச்சு ‘சிரிங்கக்கா’ன்னியே, அப்ப எங்க போச்சு இந்த வாயி?”

மன்னிப்பு என்ற முதல் குறிப்பு அப்போதுதான் நிஜமாக, எந்த வரிசையும் இல்லாமல் வந்தது. “தப்புதான்க்கா. அந்த வரிய எழுதினதே நான்தான்” என்றேன். அவருக்கு எந்த வரி என்று புரியவில்லை. புரியவைக்கத் தேவையும் இருக்கவில்லை.

“வாங்க உள்ற” என்றார்.

அடுப்பில் தட்டப்பயறு வெந்துகொண்டிருந்தது. தேங்காய்ப்பூ போட்டு, கொஞ்சம் வெல்லம் நுணுக்கிப் போட்டு இறக்கினார். அக்கா மகள் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே மணி பிரிக்கத் தொடங்கினாள். மூன்று நாளாகப் பிரிக்காமல் எல்லாம் கலந்து கிடந்தது. அவசர வேலைக்காரி வைத்திருக்கும் லட்சணத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. முப்பது வரியிலும் பிள்ளைகள் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கஞ்சி கொடுத்தல், தண்ணீர் கொடுத்தல், பழைய உடுப்பு கொடுத்தல், புன்னகை கொடுத்தல். யாரிடமாவது போய் எதையாவது கேட்டு வாங்குவதற்கு ஒரு வரிகூட நான் வைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஓடும் பாத்திரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு பக்கம் மட்டும் ஓடும் பட்டியலைப் போட்டிருக்கிறேன். ஆலையில் இப்படி ஒரு கருவியைப் பார்த்திருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டியிருப்பேன்.

ஆறே காலுக்கு மேல் அக்கா பதறிக்கொண்டு எங்களைத் தேடி வந்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அக்கா மகள் முதலில் தண்ணீர் குடித்தாள். ஒரு செம்பு முழுவதும், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு பயறு. எனக்கும் ஒரு தட்டு வந்தது.

“என்ன, போட்டா எடுக்கலயா?” என்றார் எதிர்வீட்டு அக்கா.

“போன் வீட்ல இருக்குதுக்கா.”

“அப்ப தின்னு.”

அக்கா கஞ்சியை எடுத்துவர ஓடினாள். அந்தக் கஞ்சியை அவர் குடித்துவிட்டு, “பூண்டு பத்தல” என்றார்.

வியாழக்கிழமை வேன் ஃபேர்லேண்ட்ஸ் போகவில்லை. மாமிக்கு அக்கா ஏதோ காரணம் சொன்னாள். முந்தைய நாள், அதாவது இருபத்திரண்டாம் நாளுக்கான அக்கா மகளின் கட்டம் காலியாக இருப்பதைக் கண்டு மாமி எனக்குப் போன் செய்தார். அன்றைய செயல், ஒருவரை நோன்பு திறக்க வைத்தல்.

“போட்டோ இருக்குதா?”

“இல்ல மாமி.”

“அப்ப பாயிண்ட் இல்லையேம்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது. ரூல் போட்டது நீதானே.”

“சரிதான் மாமி” என்றேன். அது சரிதான்.

முடிவில் அக்கா மகள் ஐந்தில் ஐந்தாவது. முதலிடம் கோபத்தை அடக்கியவனுக்கு. ஏற்காட்டுக்குப் போன கார் எங்கள் சந்து முனையைத் தாண்டித்தான் போனது. அவள் கை காட்டினாள், பிறகு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். லேமினேட் செய்த பட்டியலும் இப்போது அங்கேதான் இருக்கிறது. வழவழப்பாக இருக்கிறது, மணியைப் பிரித்துவிட்டு வளைத்தால் நேராக டப்பாவில் விழுகிறது என்று எதிர்வீட்டு அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார், கட்டங்கள் தரைப்பக்கம்.

இன்று போசி எங்கள் வீட்டில் இருக்கிறது. நேற்று முருங்கைக்கீரையோடு வந்தது. நாளைக்குள் எதையாவது போட்டு அனுப்ப வேண்டும். நான் குறித்து வைக்கவில்லை. மறந்துவிட்டால் அக்கா மகள் மூடியைத் திறந்து காட்டுவாள்.